சிம்பன்சி பார்க்க கிபாலேயா, கோம்பேயா?

காட்டுச் சிம்பன்சியைப் பார்க்க நினைப்பவர்கள் கடைசியில் பெரும்பாலும் இரண்டு பெயரில் வந்து நிற்பார்கள்: உகாண்டாவின் கிபாலே, தான்சானியாவின் கோம்பே. நான் கிபாலேவுக்குப் போனவன், அதனால் இந்த அலசல் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

பெயர் என்று பார்த்தால் கோம்பேதான். 1960-ல் ஜேன் குடால் சிம்பன்சி ஆய்வைத் தொடங்கிய காடு அது. சிம்பன்சி புற்றுக்குள் புல்தண்டை நுழைத்துக் கரையான் பிடிப்பதை அவர் கண்டதும் அங்கேதான். போவதற்கு கிகோமாவிலிருந்து டாங்கனிக்கா ஏரியில் படகு மட்டும்தான் வழி. கிபாலேவுக்கோ கம்பாலாவிலிருந்து ஃபோர்ட் போர்ட்டல் வழியாகத் தார்ச்சாலையே இருக்கிறது. அங்கே வெளிநாட்டவருக்கு பெர்மிட் 250 டாலர். கோம்பேயில் கட்டணம் குறைவு, ஆனால் தனிப் படகு எடுத்தால் அந்த மிச்சம் காணாமல் போய்விடும்.

சரி, என்னை முடிவெடுக்க வைத்தது நிலத்தின் சரிவு. சிம்பன்சியைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை. கூட்டம் கண்ணில் பட்டதும் நமக்குக் கொடுத்த ஒரு மணி நேரம் ஓடத் தொடங்கிவிடும், சிம்பன்சிகளும் நடக்கத் தொடங்கிவிடும். கோம்பேயில் ஏரி மட்டம் சுமார் 770 மீட்டர், கிழக்கு முகடு 1,500 மீட்டரைத் தாண்டுகிறது, இடையே இருப்பது சில கிலோமீட்டர்தான். குறுக்கே பள்ளத்தாக்குகள் வேறு. நாம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுவதற்குள் அவை அடுத்ததில் இருக்கும். கிபாலேயின் கன்யன்சு பகுதியில் மேடு பள்ளம் உண்டு, மூச்சு முட்டும் ஏற்றம் இல்லை. நாங்கள் போனபோது கூட்டம் அத்திமர உச்சியில் தின்றுகொண்டிருந்தது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்ததுதான் முதலில் கிடைத்தது. அப்புறம் பெரிய ஆண் ஒன்று இறங்கி நடக்க, ரேஞ்சர் கைகாட்டினார், பின்னாலேயே போனோம். அது மரத்தடியில் பலகைபோல் புடைத்து நிற்கும் வேர் ஒன்றைக் காலால் அறைந்து கத்தியதைப் பக்கத்திலிருந்தே கேட்டோம். எங்களோடு வந்த முழங்கால் வலிக்காரர்கூட கடைசிவரை பின்தங்கவில்லை. ருவாண்டாவின் நியுங்வேயையும் யோசித்தேன், அங்கேயும் செங்குத்துச் சரிவுதான்.

ஆனால் நான் போனது மழையில்லாத காலம். மார்ச் முதல் மே வரை பெய்யும் மழையில் கிபாலேயின் சேறு இந்தக் கணக்கை மாற்றிவிடலாம். கோம்பே பற்றி நான் சொல்வது வரைபடத்தையும் போய்வந்தவர்கள் பேச்சையும் வைத்துத்தான். வறண்ட மாதங்களில் அங்கே சிம்பன்சிகள் ஏரிப் பக்கம் இறங்கி வரும் என்று அவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் ஏற்றம் பாதியாகக் குறையும்.

எங்கே போனாலும் முகக்கவசம் கொண்டுபோங்கள், சளி இருந்தால் போகவே வேண்டாம். 2013-ல் கிபாலேயின் கன்யவாரா கூட்டத்தில் மனிதச் சளி வைரஸ் ஒன்று 5 சிம்பன்சிகளைக் கொன்றது. உகாண்டாவுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும் கட்டாயம். சென்னைக்காரர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். சான்றிதழ் 10 நாள் கழித்துத்தான் செல்லும், எனவே விமான டிக்கெட் எடுத்த கையோடு ஊசிக்கும் நாள் பார்த்துவிடுங்கள்.