ஆப்பிள் சினமன் ரோல்: வதக்கிப் போடுவதா, நறுக்கி அப்படியே போடுவதா?

பட்டைத் தூளும் சர்க்கரையும் தூவிச் சுருட்டிச் சுடுகிற இனிப்பு ரொட்டியான சினமன் ரோலுக்குள் ஆப்பிள் வைப்பது என்று முடிவெடுத்தால் அடுத்து வருகிற கேள்வி, பழத்தை நறுக்கி அப்படியே பரப்புவதா, இல்லை வாணலியில் வதக்கி ஆறவைத்துப் பரப்புவதா என்பதுதான். நான் வதக்குகிற கட்சி. இரண்டு விதமாகவும் செய்து பார்த்த பிறகு சேர்ந்த கட்சி, அதனால் கீழே இருப்பதில் சாய்வு இருக்கும்.

மாவைப் பற்றி நிறையப் பேச வேண்டியதில்லை, இரண்டுக்கும் ஒரே மாவுதான். 500 கிராம் மைதா, 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், வெதுவெதுப்பான பால் 250 மி.லி., ஒரு முட்டை, சர்க்கரையும் வெண்ணெயும் 75 கிராம் வீதம், ஒரு டீஸ்பூன் உப்பு. கையில் ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மைதா தூவாமல் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிசைந்தால் தானாக வழிக்கு வந்துவிடும். பட்டைத் தூளை மாவில் கலக்காதீர்கள், அது ஈஸ்ட்டை மந்தமாக்கிவிடும், பூரணத்தில் மட்டும் போதும். மாவுக்கு வாசனை வேண்டுமென்றால் ஏலக்காயை ஒன்றிரண்டாகப் பொடித்துப் போடலாம். சினமன் ரோலுக்கென்று அக்டோபர் 4-ஐ ஒதுக்கிக் கொண்டாடுகிற ஸ்வீடன்காரர்கள் மாவில் போடுவது அதைத்தான், ஆப்பிளோடும் நன்றாகவே சேர்கிறது.

நறுக்கி அப்படியே போடுவதில் உள்ள நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை குறைவு, ஒரு வாணலி கழுவுவது மிச்சம். ரோல் சூடாக இருக்கும்போது கடித்தால் ஆப்பிள் ஆப்பிளாகவே இருக்கும், லேசாக நறுக்கென்ற கடியும் புளிப்பும் தெரியும். சுட்டெடுத்த ஒரு மணி நேரத்தில் தட்டு காலியாகிவிடுகிற வீடு என்றால் இதுவே போதும் என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் தண்ணீர் என்று ஒன்று இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்த ஒப்பீடே அதில்தான் முடிகிறது.

ஆப்பிளின் எடையில் சுமார் 85 சதவீதம் தண்ணீர். தோலும் விதைப் பகுதியும் போக 300 கிராம் துண்டுகள் வைக்கிறீர்கள் என்றால், அதற்குள் கால் லிட்டர் தண்ணீர் உட்கார்ந்திருக்கிறது. மாவில் ஊற்றிய பால் எவ்வளவோ அவ்வளவு! அது பழத்துக்குள்ளேயே இருந்துவிட்டால் பிரச்சினை இல்லை, ஆனால் நாம் அதன் மேல் நூறு கிராம் சர்க்கரையைக் கொட்டுகிறோம், சர்க்கரை பட்டதும் பழம் நீர்விடத் தொடங்குகிறது. சுருட்டி, துண்டுகளாக வெட்டி, இரண்டாவது முறை பொங்குவதற்கு முக்கால் மணி நேரம் மூடிவைக்கிறோமே, அந்த முக்கால் மணி நேரமும் இந்த வேலைதான் உள்ளே நடக்கும். வெண்ணெய் தடவிய மாவுக்கும் பழத்துக்கும் நடுவில் பாகு கட்டி, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கும். கத்தியால் வெட்டினால் இன்னும் மோசம், சுருள் நசுங்கி ஓரத்தில் பாகு வடியும். (கத்தி எதற்கு, நீளமான தையல் நூலை அடியில் கொடுத்து மேலே குறுக்கே இழுங்கள், எந்தப் பூரணமானாலும் வட்டம் கலையாது.)

அடுப்புக்குள் போன பிறகும் அதே கதை. 180 டிகிரியில் மேல்பாகம் இருபத்தைந்து நிமிடத்தில் பொன்னிறமாகிவிடும், ஆனால் அடித்தட்டில் தேங்கிய பாகு கொதித்துக்கொண்டே இருக்க, நடுவில் இருக்கிற ரோல்களின் உள்சுற்று வேகாமல் பசை மாதிரி நிற்கும். இன்னும் பத்து நிமிடம் விட்டால் ஓர ரோல்கள் காய்ந்துவிடும். போதாக்குறைக்கு ஆப்பிள் துண்டு வெந்து சுருங்கியதும் அது இருந்த இடம் வெற்றிடமாகி, வெட்டிப் பார்த்தால் மாவுக்கும் பழத்துக்கும் நடுவே ஒரு பொந்து தெரியும். பூரணத்தில் கார்ன்ஃபிளவர் தூவினால் ஓரளவு குறையும், தீராது.

வதக்கும்போது இந்தத் தண்ணீரை முன்கூட்டியே வெளியேற்றிவிடுகிறோம், அவ்வளவுதான் சூட்சுமம். மூன்று பெரிய ஆப்பிளைத் தோல் சீவி, ஒரு சென்டிமீட்டருக்கும் சிறிய துண்டுகளாக நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில், கொஞ்சம் நாட்டுச்சர்க்கரையும் அரை மூடி எலுமிச்சைச் சாறும் சேர்த்து, அகலமான வாணலியில் மூடாமல் வதக்குங்கள். அகலம் முக்கியம், குறுகலான பாத்திரத்தில் ஆவி போக வழியில்லாமல் பழம் வெந்து குழைந்துவிடும். முதலில் நீர் விட்டுச் சளசளவென்று இருக்கும், எட்டுப் பத்து நிமிடத்தில் சத்தம் மாறிச் சடசடக்கும், கரண்டியால் ஒதுக்கினால் வாணலியின் அடி தெரிந்து சாறு திரும்ப ஓடிவராது. அதுதான் பதம். அதற்கு மேல் போனால் ஜாம். பட்டைத் தூளை இறக்கிய பிறகு சேர்த்தால் வாசனை நிற்கும். அடியில் கொஞ்சம் சாறு மிஞ்சினால் வடித்து எடுத்துவைத்து, ரோல் மேல் ஊற்றுகிற ஐசிங்கில் பாலுக்குப் பதில் கலந்துகொள்ளலாம், இந்த ஒன்றுக்காகவே வதக்கலாம் என்பேன்.

பூரணம் முழுக்க ஆறியிருக்க வேண்டும், இதில் சமரசம் கிடையாது. சென்னை மாதிரி ஊரில் சமையலறையே 33 டிகிரி இருக்கும்போது வெதுவெதுப்பான பூரணத்தைப் பரப்பினால் வெண்ணெய் உருகி ஓடிவிடும். தட்டில் பரப்பி ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வைத்தால் போதும்.

காலையில் சூடாக வேண்டும் என்பவர்களுக்கு வதக்கியதைத் தவிர வேறு வழியே இல்லை. இரவே சுருட்டி வெட்டித் தட்டில் அடுக்கி, மூடி ஃபிரிட்ஜில் வைத்து, விடிந்ததும் வெளியே எடுத்துக் குளிர் விட்டு உப்பிய பிறகு சுடலாம். வேகாத பழத்தை வைத்து இதைச் செய்தால் காலையில் தட்டில் சர்க்கரைத் தண்ணீர் குளம் கட்டியிருக்கும். சுட்டது மறுநாளைக்கு மிஞ்சினாலும் இதே வித்தியாசம்தான்: வதக்கியது மைக்ரோவேவில் இருபது விநாடியில் பழையபடி மெத்தென்று ஆகும், மற்றது நசநசவென்று கிடக்கும், நம் ஊர் வெக்கையில் வெளியே வைக்கவும் பயம்.

எந்த ஆப்பிள் என்பதும் இதையொட்டியதுதான். கிரானி ஸ்மித் புளிப்பும் கெட்டியும் உள்ளது, வதக்கினாலும் துண்டு துண்டாக நிற்கும், ஆனால் இறக்குமதி, விலை அதிகம். ஃபூஜியும் பரவாயில்லை. கடையில் சிம்லா ஆப்பிள் என்று கிடைக்கிற சிவப்பு டெலிஷியஸ் வகை சீக்கிரம் மாவாகிவிடும், அதுதான் கையில் இருக்கிறது என்றால் துண்டைப் பெரிதாக நறுக்கி, எலுமிச்சையைக் கூட்டி, இரண்டு மூன்று நிமிடம் முன்னதாக இறக்குங்கள். பட்டையில், பிரியாணிக்குப் போடுகிற தடித்த பட்டை காரமாக முன்னே நிற்கும், இலங்கைச் சுருள் பட்டை மென்மையாகப் பழத்துக்கு இடம் விடும். ஆப்பிள் ரோலுக்கு என் ஓட்டு சுருள் பட்டைக்கு.

நடுவழி ஒன்றும் உண்டு. நறுக்கிய துண்டில் சர்க்கரை போட்டு அரை மணி நேரம் வடிதட்டில் வைத்து, வடிந்த சாற்றை மட்டும் தனியாகச் சுண்டக் காய்ச்சி ஆறவைத்துத் திரும்பக் கலப்பது. ஆப்பிள் பை செய்பவர்கள் கையாளுகிற முறை இது. ரோலில் நான் அதிகம் செய்து பார்த்ததில்லை, செய்தவரை துண்டின் கடி நன்றாக இருந்தது, அடியில் ஈரமும் அவ்வளவாக இல்லை. ஆனால் ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி தாங்குமா என்று கேட்டால் உறுதி சொல்ல மாட்டேன். டின்னில் வருகிற ஆப்பிள் பூரணம் எனக்கு வெறும் இனிப்பு, அவசரத்துக்கு ஆகும், அதிலும் ஓடுகிற பாகை வடித்துவிட்டுத்தான் பரப்ப வேண்டும்.