கம்பெனி டெலிமேட்டிக்ஸா, வெளி ஜிபிஎஸ்ஸா? பொக்லைன், ஜேசிபி வைத்திருப்பவர்களுக்கு ஓர் அலசல்

புது பொக்லைன் எடுக்கப் போனால் விற்பனைக்காரர் போனை எடுத்து ஆப்பைத் திறந்து காட்டுவார். வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு டீசல் குடித்தது, எல்லாம் இனி உங்கள் கையில் என்பார். கொஞ்ச நாளில் ஜிபிஎஸ் விற்கிறவர் வந்து, அதெல்லாம் எதற்கு அண்ணே, எங்கள் டீசல் சென்சாரைப் போடுங்கள், டேங்கில் கை வைத்தாலே மெசேஜ் வரும் என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரும் அளக்கிற விஷயம் வேறு வேறு, அது தெரியாமல் பணத்தைப் போட்டுவிட்டு ஆபரேட்டரோடு மல்லுக்கட்டுகிற முதலாளிகள் நிறையப் பேர்.

முதலில் கம்பெனியே பொருத்தி அனுப்புகிற டெலிமேட்டிக்ஸ், அதாவது வண்டியின் தகவலைத் தூரத்துக்கு அனுப்புகிற சாதனம். கோமாட்ஸுவின் காம்ட்ராக்ஸ், கேட்டர்பில்லரின் விஷன்லிங்க், ஜேசிபியின் லைவ்லிங்க் எல்லாம் இந்த வகை. இதில் காம்ட்ராக்ஸ் முன்னோடி. 1990களின் கடைசியில் ஜப்பானில் பொக்லைனைத் திருடிக் கொண்டுபோய் ஏடிஎம்மை இடித்துப் பணம் எடுக்கிற கும்பல்கள் கிளம்பியிருந்தன, அந்தத் திருட்டும் இந்தச் சாதனம் வளர ஒரு காரணம். 2001 முதல் வண்டியோடு சேர்த்தே கொடுக்க ஆரம்பித்தார்கள்.

இந்த வகையின் பலம், அது இசியூ என்ற இன்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினியிடமே கேட்டுச் சொல்கிறது என்பதுதான். இன்ஜின் ஓடிய நேரத்தில் பக்கெட் வேலை செய்தது எவ்வளவு, சும்மா உறுமிக்கொண்டு நின்றது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும், பாறை உடைக்கிற பிரேக்கர் போட்டு ஓட்டிய நேரத்தைத் தனியாகக் காட்டுகிற மாடல்களும் உண்டு. 20 டன் பொக்லைன் மண் அள்ளும்போது மணிக்கு 12 முதல் 15 லிட்டர் வரை குடிக்கும் என்றால், சும்மா நின்றாலும் 3 லிட்டர் அளவுக்குப் போகும். ஏசிக்காக மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க இன்ஜினை ஓடவிடுவதும், டிப்பர் வரிசை வராமல் காத்திருப்பதும் ஹவர் மீட்டரில் வேலை நேரமாகவே ஏறிவிடும். வாடகை பேசியவர் மணிக்கணக்கில் தகராறு செய்யும்போது, காலை இத்தனை மணிக்கு ஸ்டார்ட், இத்தனை மணி நேரம் உங்கள் டிப்பர் வராமல் நின்றோம் என்று ஆப்பைத் திறந்து காட்ட முடிவது பெரிய விஷயம். ஆயில் பிரஷர் குறைந்தாலோ சூடு ஏறினாலோ எச்சரிக்கையும் வரும். ஆபரேட்டர் சொல்ல மறந்தாலும் வண்டி சொல்லிவிடும்.

அது கோட்டைவிடுவது டீசல் திருட்டில். இசியூவுக்குத் தெரிந்தது இன்ஜினில் எரிந்த டீசல் மட்டும்தான். டேங்கில் மீதி எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் வழக்கமான மிதவையை வைத்துத்தான் சொல்கிறது. 400 லிட்டர் டேங்கில் 10 லிட்டர் போனால் இரண்டரை சதவீதம், மிதவையில் முள் அசைந்த மாதிரியே தெரியாது. வாரத்தில் நாலு ராத்திரி பத்துப் பத்து லிட்டராகப் போனால் மாதக் கடைசியில் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெளி ஜிபிஎஸ்காரர்கள் நுழைவது இந்த இடத்தில்தான். நல்ல சென்சார் என்றால் மிதவை கிடையாது. டேங்கின் மேலே துளையிட்டு இறக்குகிற நீளமான அலுமினியக் குழாய், டீசல் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதை மின்தேக்குத் திறனை வைத்து அளக்கும். ஒழுங்காகப் பொருத்தினால் ஒரு சதவீதப் பிழைக்குள் வரும். அந்த 'ஒழுங்காக' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. டேங்கைக் காலி செய்து, 20 லிட்டர் ஊற்றி அளவைக் குறித்து, மறுபடி 20 லிட்டர் ஊற்றிக் குறித்து, இப்படி நிரம்பும் வரை செய்து ஒரு அட்டவணை போட வேண்டும். இதற்கு அரை நாள் ஆகும். பொக்லைன் டேங்க் நேர் பெட்டி இல்லை, உள்ளே தடுப்புத் தகடும் வளைவும் சரிவும் இருக்கும், அதனால் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கிக் கணினியில் தட்டிவிட்டுப் போகிற ஆள் பொருத்தினால் பாதி டேங்கில் ஒரு கணக்கும் கால் டேங்கில் வேறு கணக்கும் வரும். அப்புறம் வண்டி சரிவில் நின்றாலே டீசல் ஒரு பக்கம் சாயும், ஆப்பில் திருட்டு என்று அலறும். பொருத்த வருகிறவரிடம் விலை கேட்பதற்கு முன் அட்டவணை போடுவீர்களா என்று கேளுங்கள். வேண்டாம், அதெல்லாம் எங்கள் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னால் அந்த ஆளே வேண்டாம்.

பங்க்கில் 200 லிட்டர் பில் போட்டு டேங்கில் அதைவிடக் குறைவாக ஏறியிருந்தால் இந்தக் குழாய் காட்டிக்கொடுக்கும். ராத்திரி பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சை அணைத்துவிட்டு எடுத்தாலும், சாதனத்தின் சொந்த பேட்டரி தீர்ந்திருந்தாலும்கூட, காலையில் சுவிட்ச் போட்டதும் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். இதற்கு இருக்கிற குறை வேறு. சாதாரண ஜிபிஎஸ்ஸுக்குச் சாவி போட்டிருப்பதும் வண்டி வேலை செய்வதும் ஒன்றுதான். பழைய மெக்கானிக்கல் இன்ஜின் வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் டபிள்யூ முனையிலிருந்து ஒரு ஒயர் எடுத்தால் ஆர்பிஎம் கிடைக்கும், இன்ஜின் ஐடிலில் நிற்கிறதா வேகத்தில் ஓடுகிறதா என்றாவது தெரியும். சொல்லிச் செய்யவைத்தால் உண்டு, தானாகச் செய்கிறவர்கள் குறைவு.

இப்போது இந்த ஒப்பீட்டின் முக்கியமான இடம். விவரம் தெரிந்தவர்கள் டேங்கைத் திறந்து குழாய் போட்டு உறிஞ்ச மாட்டார்கள். இன்ஜினிலிருந்து மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்புகிற ரிட்டர்ன் லைனைக் கழற்றி, இன்ஜின் ஓடும்போதே கேனில் பிடிப்பார்கள். டேங்க் அளவு மெதுவாகத்தான் இறங்கும், வெளி சென்சார் அதை வேலையில் எரிந்த டீசல் என்றே கணக்கு வைக்கும், எந்த மெசேஜும் வராது. கம்பெனி ஆப்போ இன்ஜினில் எரிந்ததை மட்டும் சொல்லும், அங்கே எல்லாம் சரியாகத்தான் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் பிடிபடும்: டேங்கில் இன்று இறங்கியது இவ்வளவு, இன்ஜினில் எரிந்தது இவ்வளவு, நடுவில் உள்ள டீசல் எங்கே? அதனால் இரண்டில் ஒன்று என்று கேட்பதே சரியில்லை. இசியூ உள்ள வண்டி உங்கள் கண் பார்வையில் இல்லையென்றால் இரண்டும் வேண்டும். டயர் வண்டிகளுக்கு 2021 ஏப்ரலில் சிஇவி-4 மாசு விதி வந்த பிறகு எலக்ட்ரானிக் இன்ஜின்கள் பரவலாகிவிட்டன. பழைய வண்டிக்கு வெளி சென்சார் ஒன்றே வழி.

கேன் லைனில், அதாவது வண்டியின் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்கிற ஒயரில், கை வைத்து இரண்டையும் தாங்களே படித்துத் தருகிறோம் என்று மூன்றாவது வகையினரும் வருகிறார்கள். வெவ்வேறு கம்பெனி வண்டிகள் கலந்து வைத்திருப்பவர்களுக்கு இது பிடிக்கும், ஆனால் வாரன்டி இருக்கும்போது ஒயரை வெட்டி இணைக்க விடாதீர்கள். வெட்டாமல் செய்ய வழி இருக்கிறது: 2016-இல் வந்த ஐஎஸ்ஓ 15143-3 என்ற தரம், எந்தக் கம்பெனி வண்டியின் தகவலையும் ஒரே வடிவத்தில் வெளி சாஃப்ட்வேருக்கு அனுப்ப வகைசெய்கிறது. டீலரிடம் இந்த எண்ணைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, தூரத்திலிருந்து வண்டியை நிறுத்துவது. இதில் எனக்கு எந்த ஊசலாட்டமும் இல்லை. வெளி ஜிபிஎஸ்ஸோடு வருகிற ரிலே என்ற சுவிட்ச் பெரும்பாலும் இக்னிஷன் ஒயரையோ டீசல் வழியையோ அந்த நொடியே துண்டிக்கிற வகை. மலைப்பாதையில் லோடோடு இறங்குகிற டிப்பரில் இன்ஜின் திடீரென்று நின்றால் இன்ஜின் பிரேக்கிங் போகும், பவர் ஸ்டியரிங் போகும். வீட்டில் உட்கார்ந்து பட்டனை அழுத்துகிறவருக்கு அந்த நேரம் வண்டி எந்த வளைவில் இருக்கிறது என்று தெரியாது. ஓடுகிற வண்டியை நிறுத்தக் கூடாது, நின்ற பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆகவிடாமல் மட்டும் தடுக்க வேண்டும். அப்படித் தடுக்கிற வகை கிடைக்காவிட்டால் ரிலே இல்லாமலே வாங்குங்கள். ஒரே கம்பெனியின் பல வண்டிகளுக்கு ஒரே சாவி பொருந்துவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், அதனால் ஸ்டார்ட்டைத் தடுக்கிற பூட்டுக்கு மதிப்பு நிச்சயம் உண்டு.

கம்பெனிப் பூட்டு இதைவிடப் பாதுகாப்பானது. ஆனால் அதன் சாவி உங்களிடம் மட்டும் இல்லை. 2022-இல் உக்ரைனின் மெலிட்டோபோலில் ஒரு ஜான் டியர் டீலரிடமிருந்து ரஷ்யப் படையினர் கொண்டுபோன அறுவடை இயந்திரங்கள் செச்னியா வரை போய்ச் சேர்ந்தும், தொலைவிலிருந்து பூட்டப்பட்டதால் ஓடவில்லை என்று செய்தி வந்தது. திருடனுக்கு எதிராக அது நல்லதுதான். அதே பூட்டை, தவணை கட்டாதவர்களின் வண்டியை நிறுத்துவதற்குச் சீனாவில் பயன்படுத்தினார்கள். கடனில் வண்டி எடுக்கிறவர் ஒப்பந்தத்தில் பூட்டு பற்றி என்ன இருக்கிறது, எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். வேலை நடுவில் வண்டி நின்றால் தவணை கட்டுகிற வழியும் சேர்ந்தே நின்றுவிடும்.

ஆள் ஏறாமலே வண்டியை ஓட்டுகிற முழு ரிமோட் பற்றி விற்பனைக்காரர்கள் வீடியோ காட்டுவார்கள். ஜப்பானில் உன்சென் எரிமலைச் சேற்றை அள்ள 1990களிலேயே அப்படி ஓட்டினார்கள், ஆஸ்திரேலியாவின் பில்பாரா சுரங்கங்களில் ஓடும் டிரைவர் இல்லாத லாரிகளை 1,500 கிலோமீட்டர் தள்ளி பெர்த்தில் உட்கார்ந்து கவனிக்கிறார்கள். மனிதனை அனுப்பக் கூடாத இடங்களில் அது தேவை. வாடகைக்கு வீட்டு அஸ்திவாரம் தோண்டுகிறவர்கள் இப்போதைக்கு அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

இந்தச் சாதனங்களுக்குள் இருந்து தகவலை அனுப்புகிற சிம் விஷயமும் சாதாரணமில்லை. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரியில் 3ஜியை மூடியபோது, பழைய மோடம் உள்ள இயந்திரங்களுக்குப் புது மோடம் போட வேண்டியதானது. இங்கே மலிவான ஜிபிஎஸ்களில் 2ஜி மட்டும் உள்ளவை இன்னும் விற்கின்றன, ஜியோவிடம் 2ஜியே கிடையாது. 4ஜி உள்ளதாக, சிக்னல் இல்லாத குவாரிப் பள்ளத்தில் தகவலைச் சேமித்து வைத்து மேலே வந்ததும் அனுப்புவதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒரே ஒரு புது ஜேசிபி வைத்து நீங்களே கூட இருந்து ஓட்டவைக்கிறீர்கள் என்றால் கம்பெனி ஆப் போதும், அதைத் தினமும் திறந்து பாருங்கள். வண்டி வெளியூரில் மாதக்கணக்கில் நிற்கிறது என்றால் டேங்க் சென்சார் கட்டாயம். எதைப் போட்டாலும் ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள், அட்டவணை போடும்போது அவரையும் பக்கத்தில் நிற்கவையுங்கள். சரிவில் வந்த பொய் மெசேஜை நம்பி நல்ல ஆபரேட்டரைத் திருடன் என்று சொல்லி இழந்தால் அந்த நஷ்டத்தை எந்த சென்சாரும் ஈடுகட்டாது. பழைய வண்டி வாங்குகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் டீலரிடம் சொல்லிக் கம்பெனி ஆப்பின் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றாவிட்டால் விற்றவரின் போனில் உங்கள் வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டே இருக்கும்.