ஆரக்கிளா, சம்-செக்கா: செமினாருக்கு எது?

கம்ப்ளெக்ஸிட்டி (ஒரு கணக்கைத் தீர்க்கக் கணினிக்கு எவ்வளவு நேரமும் நினைவகமும் வேண்டும் என்று பார்க்கும் துறை) செமினாரில் பேச இரண்டு தலைப்புகளுக்கு நடுவே நின்றேன். 1975-இல் பேக்கர், கில், சாலவே தந்த ஆரக்கிள் முடிவு ஒன்று, 1990 வாக்கில் வந்த சம்-செக் (ஒரு பெரிய கூட்டுத்தொகையைக் கேள்வி-பதிலாகச் சரிபார்க்கும் முறை) இன்னொன்று. சம்-செக்கைத்தான் எடுத்தேன், மறுபடி கேட்டாலும் அதையேதான் எடுப்பேன்.

ஆரக்கிள் என்பது கேட்ட கேள்விக்கு ஒரே அடியில் பதில் தரும் கற்பனைப் பெட்டி, அதன் வசதி தெரிந்ததுதான். கணினியில் ஒன்றை மாட்டினால் பியும் (வேகமாகத் தீர்க்கக்கூடிய கணக்குகள்) என்பியும் (விடையைத் தந்தால் வேகமாகச் சரிபார்க்கக்கூடியவை) ஒன்றாகும், வேறொன்றை மாட்டினால் பிரியும், ஆகவே எந்த ஆரக்கிளோடும் செல்லுபடியாகிற உத்தியால் இரண்டும் ஒன்றா என்ற கேள்வி தீராது. நிரூபணமும் சின்னது.

சிக்கல், அதை நிஜ உலகத்துக்கான சாட்சியாக எடுத்துக்கொள்ளும்போதுதான். 1988-இல் ஃபோர்ட்னோவும் சிப்சரும் கோ-என்பி ('தீர்வு இல்லை' என்பதை வேகமாகச் சரிபார்க்கக்கூடிய கணக்குகள்) ஐபிக்குள் (நிரூபிப்பவரிடம் தற்செயலான கேள்விகள் கேட்டுச் சரிபார்க்கக்கூடியவை) அடங்காதபடி ஒரு ஆரக்கிளைக் கட்டினார்கள். இரண்டு வருடம் கழித்து லண்ட், ஃபோர்ட்னோ (அதே ஃபோர்ட்னோதான்), கார்லாஃப், நிசான் சேர்ந்து, ஆரக்கிள் இல்லாத நிஜ உலகில் அது அடங்கும் என்று காட்ட, ஷமீர் ஐபியும் பிஸ்பேஸும் (குறைந்த நினைவகத்தில் தீர்க்கக்கூடியவை) ஒன்றே என்று முடித்துவிட்டார்.

எப்படி முடிந்தது? என்னைப் பொறுத்தவரை எல்லாமே இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. ஒரு பூலியன் வாய்பாட்டுக்கு ('மற்றும்', 'இல்லை' போன்றவற்றால் 0-1 மாறிகளைக் கோத்தது) தீர்வே இல்லை என்று நிரூபிப்பவர் சொல்கிறார். சரிபார்ப்பவர் 'மற்றும்' வரும் இடத்தில் பெருக்கல், 'இல்லை' வரும் இடத்தில் ஒன்றிலிருந்து கழித்தல் என்று மாற்றி, வாய்பாட்டையே பல்லுறுப்புக்கோவை ஆக்கி, கணக்கை ஒரு பெரிய பகா எண்ணின் மீதிகளில் வைத்துக்கொள்கிறார். எல்லா 0, 1 மதிப்புகளுக்கும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். சுற்றுக்கு ஒரு மாறி வீதம் அவர் தற்செயலாக ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டே போக, பொய் சொன்னவர் அடுத்த சுற்றிலும் பொய்யைத் தொடர வேண்டியிருக்கும், கடைசியில் ஒரே ஒரு புள்ளியில் மதிப்பைச் சரிபார்ப்பவர் தானே கணக்கிட்டுப் பார்த்தால் பொய் சொன்னவர் அநேகமாக மாட்டிக்கொள்வார். அந்தப் புள்ளி 0-வும் இல்லை, 1-உம் இல்லை. வாய்பாடு கண்முன் இருப்பதால்தான் அங்கே மதிப்புப் போட முடிகிறது. ஆரக்கிளோ மூடின பெட்டி, 0-1 கேள்விக்கு மட்டும் பதில் தரும். ஆரக்கிள் தடையைத் தாண்டியது இந்த வழியில்தான்.

அதற்காக ஆரக்கிளை ஒதுக்கிவிட முடியாது. குவாண்டம் பக்கம் எனக்குப் பழக்கம் குறைவு, ஆனாலும் பிக்யூபியையும் (குவாண்டம் கணினி வேகமாகத் தீர்ப்பவை) பிஎச்சையும் (என்பியின் மேல் அடுக்கடுக்காகக் கட்டியவை) பிரித்து 2018-இல் ராஸும் டாலும் தந்தது ஆரக்கிள் முடிவுதான். தவிர, சம்-செக் வகை உத்திகளும் பி–என்பிக்குப் போதாது என்று ஆரன்சனும் விக்டர்சனும் 2008-இல் அடுத்த தடையைக் காட்டினார்கள், அதற்காக அவர்கள் எடுத்ததும் ஆரக்கிளைத்தான், பல்லுறுப்புக்கோவையாக நீட்டி.

உங்களுக்கு அரை மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் ஆரக்கிளையே எடுங்கள். சம்-செக்கைப் பாதியில் நிறுத்தினால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது.