வகுப்பா, வாடகை சர்வரா, பழைய மடிக்கணினியா?

அக்காள் மகன் கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறான். "மாமா, லினக்ஸ் சர்வர் நிர்வாகம் படிக்க வகுப்பில் சேரட்டுமா, கிளவுடில் ஒரு மெஷினை வாடகைக்கு எடுத்துப் பழகட்டுமா?" என்று கேட்டான். இரண்டுக்கும் பணம் கட்டியவன் நான். ஆனால் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தது, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பழைய கணினி விற்கும் அண்ணாச்சி ஒருவரிடம் 2022-இல் வாங்கிய 4 ஜிபி மடிக்கணினிதான். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

வகுப்பை முதலில் முடித்துவிடுகிறேன். அதே 2022-இன் தொடக்கத்தில் மூன்று மாதம் போனேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அங்கே கொடுத்த பாடக்குறிப்பு முழுக்க சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸ் பதிப்பு. 2029 வரை பராமரிக்கப்படும் என்று இருந்த அந்தப் பதிப்பின் ஆயுளை 2020 டிசம்பரிலேயே சுருக்கி அறிவித்துவிட்டார்கள். 2021 டிசம்பர் 31-உடன் அது முடிந்தும்விட்டது. செத்தவனுக்கு ஜாதகம் பார்த்த கதைதான். அதன் இடத்துக்கு வந்த ஆல்மா, ராக்கி என்ற பெயர்களை அங்கே ஒருவரும் உச்சரிக்கவில்லை.

இருந்தாலும் வகுப்பை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட் சர்வர் நிர்வாகிகளுக்கு வைக்கும் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வு, விடையைக் கோடிட்டுவிட்டு எழுந்து வரும் தேர்வு அல்ல. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் 3 மணி நேரம் வேலை செய்து காட்ட வேண்டும். 300-க்கு 210 எடுக்க வேண்டும். செய்தது எல்லாம் ரீபூட் ஆன பிறகும் நிலைக்க வேண்டும். சென்னைக்கோ பெங்களூருக்கோ விண்ணப்பிக்கிறவன் அதை எழுதுவது நல்லது; அதற்கு ஒழுங்காகப் படிக்க வைக்க ஒரு வாத்தியார் உதவுவார். நான் எழுதவில்லை என்பதால் இதற்கு மேல் அளக்க மாட்டேன்.

வகுப்பில் எனக்கு ஒத்துவராதது வேறொன்று. மாலை ஆறு மணிக்கு எல்லா மெஷின்களும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நேற்று நான் கெடுத்தது இன்று கெட்டிருக்காது. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி பளபளவென்று காத்திருக்கும்.

வாடகை சர்வரில் அந்தக் குறை பாதி தீரும். எடுத்த அன்று இரவே, யார் யார் நுழைய முயன்றார்கள் என்று சர்வர் குறித்துவைக்கும் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். எங்கெங்கோ இருக்கும் முகவரிகளிலிருந்து முழு அதிகாரமுள்ள ரூட் கணக்கின் பெயரிலும் அட்மின் என்ற பெயரிலும் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். கடவுச்சொல்லால் நுழைவதை நிறுத்திச் சாவிக் கோப்புக்கு மாற வேண்டும் என்று வகுப்பில் பத்து தடவை சொன்னது, அந்த ஒரு பார்வையில்தான் மண்டையில் ஏறியது. வெளியுலகம் நேராக வந்து சேரும் முகவரி கிடைப்பது இதன் பெரிய பலம். வீட்டு இணைப்பு பெரும்பாலும் ஒரே முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுத் தருவது. வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. ஆனால் மாதாமாதம் அட்டையில் பணம் போய்க்கொண்டிருக்கும்போது படிக்கிறவன் என்ன செய்வான்? எதையாவது கெடுத்தால் அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை எடுப்பான். இரண்டு நிமிட வேலை. நானும் மூன்று தடவை அப்படித்தான் செய்தேன்.

இனி நம் கதாநாயகன், அந்தப் பழைய மடிக்கணினி. டெபியன் என்ற லினக்ஸின் 11-ஆம் பதிப்பைப் போட்டேன். மூடியை மூடினாலும் தூங்கிவிடாமல் இருக்க ஒரு வரி மாற்றினேன். பீரோவுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தேன். வீட்டுக் கணக்கு, அம்மாவின் மருந்துச் சீட்டுகள், படங்கள் எல்லாம் அதில். சும்மா இருக்கும்போது சுமார் 15 வாட். இரண்டு மாதம் இரவுபகலாக ஓடினாலும் 22 யூனிட்டுக்குள். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக இருந்ததால் வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை.

இதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க முடியாது. அம்மாவின் மருந்துச் சீட்டு உள்ளே இருக்கிறது. என் முழு வாதமும் இந்த ஒன்றில்தான் நிற்கிறது. சர்வர் நிர்வாகம் என்றால் நிறுவுவது அல்ல, வைத்துக் காப்பாற்றுவது. நிறுவ அரை மணி நேரம் போதும். காப்பாற்றுவதற்கு வருடக்கணக்கில் ஒரே மெஷின் வேண்டும்.

ஒரு நாள் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போன மின்சாரம் மாலையில் வந்தது. பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கி அணைந்திருந்தது. மின்சாரம் வந்த வேகத்தில், காப்புநகலுக்காக வெளியே செருகியிருந்த வட்டின் அடாப்டர் போய்விட்டது. பொத்தானை அழுத்தினேன். இல்லாத வட்டுக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்தது. பிறகு அவசர நிலைக்குப் போனது. ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது, உள்ளே விட முடியாது என்று சொன்னது. நிறுவும்போது ரூட்டுக்குக் கடவுச்சொல் தராமல் விட்டவன் நானேதான். லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் திரையில் நிறுத்தி, தொடக்க வரியின் கடைசியில் பேஷ் என்ற கட்டளை நிரலைச் சேர்த்து உள்ளே நுழைந்து, உள்வட்டை எழுதும் நிலைக்கு மாற்றி, எந்தெந்த வட்டை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த வெளிவட்டுக்கு நோஃபெயில் என்ற ஒரு சொல்லைச் சேர்க்க இரவு பதினொன்றரை ஆனது. அந்தச் சொல் வகுப்புக் குறிப்பிலும் இருந்தது. வட்டு இல்லாவிட்டாலும் நிற்காமல் மேலே போகச் சொல்வதற்கு என்று அன்றுதான் தெரிந்தது.

அதே நிறுவலை 2023-இல் டெபியன் 12-க்கும், 2025-இல் 13-க்கும் ஏற்றினேன். 13-க்குப் போன மறுவாரம் இரவுக் காப்புநகல் நின்றுவிட்டது. இடமில்லை என்றது, வட்டிலோ பாதி காலி. 13-இலிருந்து, தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவு வட்டில் இல்லை, நினைவகத்தில் இருக்கிறது. அதுவும் நினைவகத்தில் பாதி அளவு வரைதான். காப்புநகல் எடுக்கும் என் ஸ்கிரிப்ட் அங்கேதான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. வெளியீட்டுக் குறிப்பில் எழுதித்தான் இருந்தார்கள், நான் படிக்கவில்லை. இப்போது ஓர் அச்சகத்தின் இரண்டு சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். அவற்றை ஏற்றும் முன் குறிப்பை வரிவிடாமல் படித்தேன்.

மடிக்கணினியின் குறையையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை கடந்து சந்திப்புப் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றபோது பெருமாள்புரத்தில் எங்கள் வீட்டுக்குள் ஏறவில்லை. ஆனால் சர்வரும் அதன் காப்புநகலும் ஒரே அலமாரியில் ஒரே உயரத்தில் இருப்பதை மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த மாதமே இரண்டாவது நகலுக்காக வாடகை சர்வரைத் திரும்ப எடுத்தேன். பத்து இருபது சர்வர்களை ஒருசேர ஓட்டுவதும் இந்த ஒற்றைப் பெட்டியில் வராது. அதில் எனக்கே கை பழக்கம் குறைவு.

போன வாரம் மருமகனைக் கூட்டிக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனேன். "தம்பி, திரை உடைந்தது ஒன்று இருக்கிறது, பாதி விலைக்குத் தருகிறேன். சர்வருக்குத் திரை எதற்கு?" என்றார். வேண்டாம் என்றேன். அவசர நிலை வருகிற இரவில் நெட்வொர்க் இருக்காது. அந்தத் திரையும் விசைப்பலகையும்தான் ஒரே வழி. பேட்டரி ஒரு மணி நேரமாவது தாங்குகிறதா என்று கடையிலேயே ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, முழு விலை கொடுத்து வேறொன்றை எடுத்தோம்.