தர்பூசணிக்கு 'வைரஸ் மருந்து' என்று நீட்டினால் வாங்காதீர்கள்

திண்டிவனம் பக்கம் எங்களுக்கு 2 ஏக்கர் தர்பூசணி. மார்கழியில் விதை ஊன்றினோம். 25ஆம் நாள் வாக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கொடிகளின் நுனி தரையில் படராமல் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. கொழுந்து இலை சிறுத்து, மஞ்சள் திட்டு. நாலு இலையைக் கிள்ளிக்கொண்டு வழக்கமான மருந்துக்கடைக்குப் போனேன்.

கடைக்காரர் இலையைக் கையில்கூட வாங்கிப் பார்க்கவில்லை. "போரான் சத்து பத்தலண்ணே" என்றார். அடித்தேன். ஒரு வாரத்தில் நுனி கருகியது. அடுத்து பூஞ்சாணம் என்று ஒரு பொட்டலம். மூன்றாம் தடவை, "வைரஸ்தான், அதுக்கும் மருந்து இருக்கு" என்று ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். 1,400 ரூபாய். லேபிளில் பதிவு எண் இல்லை, பில்லும் தரவில்லை. நானும் கேட்கவில்லை, அது என் தப்பு.

பாதி வயல் போன பிறகுதான் ஒரு கொடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த மேடம் முதல் வேலையாக நுனியை ஒரு வெள்ளைத் தாளில் தட்டினார். பொடிப்பொடியாக இலைப்பேன் ஊர்ந்தது. மாதிரியைச் சோதனைக்கு அனுப்பினார். மொட்டுக் கருகல் வைரஸ் என்று முடிவு வந்தது.

அந்தப் பேன்தான் இதைப் பரப்புகிறது. குஞ்சுப் பருவத்தில் நோய்ச்செடியின் சாற்றைக் குடித்தால் போதும், இறக்கை முளைத்த பிறகு சாகும்வரை பரப்பிக்கொண்டே இருக்குமாம். செடிக்குள் புகுந்துவிட்ட வைரஸைக் கொல்ல எந்த மருந்தும் கிடையாது. முதலில் தலைதூக்கிய அந்தப் பத்துப் பதினைந்து கொடிகளை அன்றைக்கே பிடுங்கி அழித்து, நீல ஒட்டுப்பொறி வைத்துப் பேனைக் கவனித்திருக்க வேண்டும். நான் போரான் அடித்துக்கொண்டிருந்தேன்.

இலையில் பச்சையும் மஞ்சளுமாகத் தேமல் விழுந்து நெளிந்தால் அது அசுவினிப் பூச்சி பரப்பும் வேறு வைரஸாக இருக்கலாம். வெள்ளரிப் பச்சைத் தேமல் வைரஸ் என்றால் விதையிலேயே வரும், கத்தியிலும் கையிலும் ஒட்டிக்கொண்டும் பரவும். கண்ணால் பார்த்து இன்னதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆய்வகத்தில் எலிசாவோ பி.சி.ஆரோ சோதனை செய்தால்தான் உறுதி என்றார் மேடம்.

அப்புறம் பாட்டிலைக் கொண்டுபோய்க் கடையில் வைத்தேன். "நம்ம கடையில வாங்கினதா இது? பில் இருக்காண்ணே?" என்றார்.