60 மடங்கு சூம் கமரா: யாழ்ப்பாணத்து வளவொன்றில் ஐந்தாறு வருடப் பாவனைக்குப் பிறகு

பறவை படம் எடுக்க என்ன கமரா வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: எங்கே நின்று எடுக்கப் போகிறீர்கள்? வீட்டு வளவுக்குள்ளேயே என்றால் இந்தப் பதிவு முழுவதும் உங்களுக்கு உதவும். கல்லுண்டாய் வெளியில் பூநாரை எடுக்க வேணும் என்றால் பாதிதான் உதவும், அதுவும் வாங்க வேண்டாம் என்று சொல்கிற பாதி.

என்னிடம் இருப்பது பிரிட்ஜ் கமரா என்கிற வகை. லென்ஸ் கழற்ற முடியாது, 60 மடங்கு சூம், முழுதாக நீட்டினால் 1200 மி.மீ. லென்சுக்குச் சமம். 2015இல் நிக்கோன் பி900 வந்து 83 மடங்கு சூமில் சந்திரனின் குழிகளை வீடியோவில் காட்டியதிலிருந்து இந்த வகைக் கமராக்கள் மேல் எல்லாருக்கும் ஒரு கண். என்னுடையது வேறு கம்பனியுடையது, பெயர் வேண்டாம், நான் சொல்லப்போகிற நல்லது கெட்டது இரண்டும் இந்த வகை முழுவதற்கும் ஏறத்தாழப் பொருந்தும்.

முதலில் உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். படம் பதிகிற சென்சர் 1/2.3 அங்குலம், அதாவது ஃபுல் பிரேம் என்கிற பெரிய கமராக்களின் சென்சர் பரப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. இவ்வளவு சூமைக் கையில் தூக்கக்கூடிய பாரத்துக்குள் அடக்க முடிந்ததே சென்சரைச் சின்னதாக்கியதால்தான். அதற்கான விலையை வெளிச்சத்தில் கொடுக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 400 வரை இறகின் வரிகள் நிற்கும், 800 தாண்டினால் எல்லாம் கரைந்து மாவு பூசின மாதிரி ஆகிவிடும். முழு சூமில் லென்சின் துவாரம் எஃப் 5.9க்கு மேல் திறக்காது. ஆகவே மார்கழி மழை இருட்டில் இதைத் தூக்குவதில் பிரயோசனம் இல்லை. மாசி பிறந்து, பனி விலகி, வானம் வெளித்த பிறகுதான் இதற்கு உயிர் வரும். அப்போதிருந்து சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கும் வரை, மாசி, பங்குனி, சித்திரை, இந்த மூன்று மாதமும்தான் இதை நான் நாளாந்தம் பாவிப்பது.

அந்த மூன்று மாதத்திலும்கூட நாள் முழுக்க எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் சூரியன் நிற்கும், மத்தியானம் பன்னிரண்டு மணி தாண்டின கையோடு கிணற்றுக் கட்டில் நின்று பார்த்தால் உங்கள் நிழல் உங்கள் காலடிக்குள்ளேயே கிடக்கும். அந்த வெயிலில் எடுத்தால் பறவையின் முதுகு வெள்ளையாய் வெடித்திருக்கும், வயிறு கறுப்பாய் இருக்கும், கண் எங்கே என்று தேட வேண்டும். காலை ஆறேகாலில் இருந்து எட்டு மணி வரை, பின்னேரம் நாலரைக்குப் பிறகு, அவ்வளவுதான் நேரம். நடுவில் தேத்தண்ணி குடித்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

சரி, சூம் விசயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் ஆட்கள் இதை வாங்குவதே அதற்காகத்தான். அராலிப் பக்கமோ செம்மணி வெளியோ சுண்டிக்குளமோ, தண்ணீர் நடுவில் ஒரு கோடு மாதிரிப் பறவைக் கூட்டம் நிற்கும், 60 மடங்கு இழுத்தால் பக்கத்தில் வந்துவிடும் என்பது கணக்கு. பக்கத்தில் வருவது உண்மைதான். ஆனால் எட்டு மணிக்கே சேறும் உப்புத்தரையும் சூடேறி, மேலே இருக்கும் காற்று நெளியத் தொடங்கிவிடும். இடையில் அரைக் கிலோமீற்றர் கானல் கிடந்தால் எந்தச் சூமாலும் ஒன்றும் செய்ய முடியாது, சூம் கூடக் கூடக் கானலும் சேர்ந்துதான் பெரிதாகத் தெரியும். நிறைய விலை கொடுத்த லென்சுக்கும் இதே கதிதான், அதனால் இதைக் கமராவின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசிய பூங்காவான இடம், வெளிநாட்டுப் பறவைகள் வடக்கே திரும்பும் முன் பார்க்கக் கட்டாயம் போக வேண்டிய இடம், ஆனால் போகும்போது நல்ல பைனாகுலர் ஒன்றைக் கொண்டு போங்கள். பங்குனி முடியும்போது ஊசிவால் வாத்துகள் அநேகமாகக் கிளம்பிவிடும் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

இந்தச் சூமின் உண்மையான பலன் பதினைந்து, இருபது மீற்றருக்குள். கிணற்றடியில் கதிரையைப் போட்டால் வேலியில் நிற்கும் முள்முருக்கு வரைக்கும் என்ன தூரம் இருக்குமோ அந்தத் தூரம். அதற்குள் கானல் இல்லை, காற்றில் தூசி குறைவு, தேன்சிட்டு அளவுள்ள ஒன்றும் பிரேமில் நன்றாகப் பெரிதாய் வரும்.

முள்முருக்கு இலையெல்லாம் கொட்டிவிட்டு வெறும் கொப்பில் சிவப்பாய்ப் பூத்து நிற்கும் அந்த இரண்டு மூன்று கிழமைக்கு நான் கலியாண வீடு என்றாலும் யோசித்துத்தான் போவேன். மைனா, காகம், கரிச்சான், அணில், தேன்சிட்டு, எல்லாம் அந்த ஒரு மரத்துக்கு வரும், இலை இல்லாததால் மறைப்பும் இல்லை. இந்தக் கரிச்சான் தெற்கில் இருப்பவர்களுக்கு எளிதில் கிடைக்காது. இலங்கையில் வடக்கையும் அதை ஒட்டிய கரையோரங்களையும் விட்டால் அதைக் காண்பது அரிது, எங்களுக்கோ லைற் வயரில் தினமும் குந்தியிருக்கிறது. மரங்கொத்தியும் அப்படித்தான். தெற்கில் முதுகு சிவந்த மரங்கொத்தி, எங்கள் தென்னையில் தட்டுவது பொன்முதுகுக்காரன், இடைப்பட்ட இடங்களில் இரண்டும் கலந்து செம்மஞ்சளாகவும் வரும். கொழும்பில் இருந்து வந்த நண்பர் ஒருவர் எங்கள் வீட்டுத் தென்னையடியில் இரண்டு மணித்தியாலம் நின்றது இதற்காகத்தான்.

தேன்சிட்டு எடுப்பதில் ஒரு விசயம் சொல்ல வேண்டும். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் ஆணுக்குத் தொண்டை மினுங்கும், ஆனால் அந்த மினுக்கம் சாயம் இல்லை, இறகின் நுண்ணிய அமைப்பில் வெளிச்சம் பட்டுத் தெறிப்பதால் வருவது. ஆகவே கோணம் மாறினால் நிறமும் போய்விடும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க, பறவை உங்களைப் பார்த்துத் திரும்பும் அந்தக் கணம் தொண்டை ஊதாவாய்ப் பற்றி எரியும், ஒரு பக்கம் சரித்தால் வெறும் கறுப்பு. கமராவில் என்ன செற்றிங் மாற்றினாலும் இதைக் கொண்டுவர முடியாது, கதிரையைத்தான் மாற்ற வேண்டும். எனக்குப் பிடித்த படம் ஒன்றில் முருக்கம்பூவுக்குள் தலையை விட்டு எடுத்த பிறகு நெற்றியில் மகரந்தம் அப்பியபடி நிற்கிறது, அலகு நுனியில் ஒரு துளி தேன், அதைத் துடைக்கக் கொப்பில் அலகைத் தேய்க்கப் போகிறது. சட்டர் 1/800, ஐ.எஸ்.ஓ. 200, சூம் பாதிக்குச் சற்று மேல். முழு சூம் இல்லை.

முழு சூமில் வேறொரு தொல்லையும் உண்டு, பறவையைக் கண்டுபிடிப்பது. 1200 மி.மீ.யில் பார்க்கும்போது தெரிவது ஒரு கொப்பின் முழ அகலம்தான், அதற்குள் குருவியைத் தேடிப் பிடிப்பதற்குள் அது அடுத்த வளவுக்குப் போய்விடும். பத்து மடங்கில் பிடித்து, நடுவில் வைத்துக்கொண்டு, பிறகு மெல்ல இழுங்கள். ஓட்டோ போக்கஸ் முன்னால் இருக்கும் குச்சியைத்தான் முதலில் பிடிக்கும், ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி அந்தப் புள்ளியையும் சின்னதாக்கிவிட்டால் பாதித் தலையிடி குறையும். ரைபொட் வாங்கிவைத்து மூலையில் நிற்கிறது. கதிரையைத் திருப்பிப் போட்டு, அதன் சாய்வில் இரண்டு முழங்கையையும் ஊன்றினால் அதுவே போதும். கறுப்புக் குயிலுக்கும் காகத்துக்கும் எக்ஸ்போசரை (படத்தின் வெளிச்ச அளவை) ஒரு படி ஏற்றுங்கள், கொக்குக்கு ஒரு படி இறக்குங்கள், இல்லாவிட்டால் குயிலின் சிவப்புக் கண்ணைத் தவிர மிச்சமெல்லாம் மையாகத்தான் வரும்.

கிணற்றடிக்குத் திரும்புகிறேன். குளித்த தண்ணி வாழைக்குப் போகிற வாய்க்காலில் பின்னேரம் ஐந்து மணியளவில் புலுனிக் குருவிக் கூட்டம் வரும். ஏழெட்டு ஒன்றாக இறங்கி, ஒன்று முழுகும்போது மற்றது காவல் நிற்கும், பிறகு நனைந்த கோலத்தில் செவ்வரத்தைக் கொப்பில் நெருக்கியடித்து இருந்து ஒன்றின் தலையை மற்றது கோதிவிடும். புலுனியை ஆரும் படம் எடுக்க மாட்டார்கள், மண் நிறம், சத்தம் வேறு. எனக்கென்னவோ இந்தக் கமராவில் எடுத்ததில் திரும்பத் திரும்பப் பார்ப்பது புலுனிப் படங்களைத்தான். அந்த வெளிர்ந்த கண்ணால் அது முறைத்துப் பார்க்கிற பார்வை ஒன்று இருக்கிறதே, வாடகை கேட்டு வந்த வீட்டுக்காரர் தோற்றுவிடுவார்.

நீண்ட லென்ஸ் வைத்திருப்பவர்கள் அக்கம்பக்கத்தையும் யோசிக்க வேண்டும். நம்முடைய ஊரில் வேலிக்கு அந்தப் பக்கமும் ஒரு கிணற்றடி இருக்கும். பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் மதிலால் எட்டிப் பார்த்து, "தம்பி, என்ன எங்கட பக்கமே குழாயைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்?" என்று கேட்டார். "மதில்ல கொண்டலாத்தி மாமி, இஞ்ச வந்து பாருங்கோ" என்று திரையைத் திருப்பிக் காட்டின பிறகுதான் முகம் தெளிந்தது. இப்போது அவரே, "உன்ர கொண்டைக்காரன் வந்து நிக்கிறான்" என்று கூப்பிடுகிறார், பாதி நேரம் அது செம்பகமாக இருக்கும். ஆனாலும் முதலே சொல்லிவைப்பது நல்லது. வெளியே போனால் இராணுவ முகாம்கள் இருக்கிற பக்கம் கமராவைத் திருப்பவே வேண்டாம், அங்கே கொண்டலாத்தி என்று விளங்கப்படுத்திக்கொண்டு நிற்க முடியாது.

பூக்களுக்கு இது பரவாயில்லை ரகம். சூமைக் குறைத்து மக்ரோவில் போட்டால் லென்சுக்கு முன்னால் ஒரு சென்ரிமீற்றர் வரைக்கும் போகலாம், ஆனால் அந்த நெருக்கத்தில் கமராவின் நிழலே பூவில் விழும். வேப்பம்பூவை நான் எடுப்பது எதிர்மாறாக, இரண்டு மீற்றர் தள்ளி நின்று சூம் போட்டு. பின்னணி மங்கி அந்தச் சின்ன வெள்ளைப் பூங்கொத்து தனியாய் நிற்கும். பூவரசம்பூவை மட்டும் ஒரே பூவாகப் பார்த்து விடியவும் அடுத்த நாளும் எடுங்கள், மஞ்சளாய் விரிந்தது வாடும்போது ஊதா கலந்த சிவப்பாக மாறியிருக்கும். கொன்றை சித்திரையில் பூத்துத் தொங்கும்போது இந்தக் கமராவே தேவையில்லை, போனே அழகாக எடுக்கும்.

வானத்துக்கு வந்தால், எங்கள் ஊரில் மலை இல்லை, பனை வடலிக்கு மேலே முழுவதும் வானம்தான். சித்திரைப் பின்னேரங்களில் தெற்கே, வன்னிப் பக்கம், இடிமுகில் கோபுரமாய் எழும்பும். எங்களுக்குச் சூரியன் மறைந்த பிறகும் அதன் உச்சியில் கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டு ரோசா நிறமாய் நிற்கும். சூமைச் சுருக்கி அகலமாக எடுத்துவிட்டு, பிறகு நீட்டி முகிலின் மடிப்புகளை மட்டும் தனியே எடுக்கலாம், ஒரே கமராவில் இந்த இரண்டும் முடிவது பெரிய வசதி. சந்திரனுக்கு முழு சூம் உண்மையிலேயே பிரயோசனம். பௌர்ணமியை விட அரைச் சந்திரன் திறம், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற ஓரத்தில் குழிகளின் நிழல் நீளமாய் விழும். மனுவலில் 1/250, ஐ.எஸ்.ஓ. 100 என்று தொடங்கிப் பாருங்கள். பங்குனி, சித்திரை மூன்றாம் பிறை மேற்கே தோணி மாதிரிக் கிடையாய்க் கிடக்கும், அதையும் விடாதீர்கள். நட்சத்திரங்களுக்கு இது சரிவராது. சூரியனை நேரே சூமில் பிடிக்கவே கூடாது, சென்சர் கருகும். 2019 டிசெம்பர் 26இல் கங்கண கிரகணம் பார்த்தபோது பாவித்த மாதிரி முறையான சூரிய வடிகட்டி லென்சுக்கு முன்னால் இருந்தால் மட்டும்தான்.

இனித் தேய்மானம். பிடியின் ரப்பர் வியர்வையில் ஊறி ஒரு மூலை கிளம்பிவிட்டது, பசை போட்டு ஒட்டினேன். பற்றரி முன்பு விடியத்தொடங்கிப் பொழுதுபடும் வரை நின்றது, இப்போது மத்தியானத்துக்குள் படுத்துவிடும். வியூஃபைண்டர் வாங்கிய நாளிலேயே சுமார்தான். பெரிய எதிரி தூசி. லென்ஸ் வெளியே நீளும்போதும் உள்ளே போகும்போதும் காற்றை இழுக்கும், சோளகம் அடிக்கிற நாளில் எங்கள் செம்பாட்டு மண் அந்தக் காற்றோடு சேர்ந்து உள்ளே போய்விடும். லென்ஸ் கழற்ற முடியாத கமராவில் உள்ளே போன தூசியை நீங்களாகத் துடைக்க வழியில்லை. ஆகவே வைகாசிக்குப் பிறகு நான் இதை வெளியே எடுப்பது குறைவு. ஐப்பசி தொடங்கினால் பூஞ்சணம், காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு போட்டு வைக்கிறேன், பைகளை மாற்றவும் மறக்கக்கூடாது.

இந்த வகையில் புதிதாக வருவது குறைந்துவிட்டதால் பலர் பாவித்ததைத்தான் தேடுகிறார்கள். அப்படி வாங்கப் போனால் கடைக்குள் நின்று பார்க்காதீர்கள். வெளியே கொண்டு வந்து, சூமை முழுதாக நீட்டி, துவாரத்தை எஃப் 8க்குச் சுருக்கி, வெறும் நீல வானத்தை ஒரு படம் எடுங்கள், திரையில் பெருப்பித்து மூலை மூலையாகப் பாருங்கள். சாம்பல் பொட்டுகள் தெரிந்தால் தூசி உள்ளே போய்விட்டது. பிறகு லென்சை நீட்டிச் சுருக்கும்போது காதைக் கிட்ட வைத்துக் கேளுங்கள், மண் அரைபடும் சத்தம் வந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.