20 செல்லா, 40 செல்லா? தமிழ் படிப்பவரின் கணக்கு

கையோடு எடுத்துப்போக ஒரு பிரெய்ல் ரீடர் (எழுத்தை விரலால் தடவிப் படிக்கும் புள்ளிகளாக ஒற்றை வரியில் எழுப்பிக் காட்டும் சாதனம்) வாங்கலாம் என்றிருக்கிறேன் என்று சொன்னால் போதும், "20 செல்லே தாராளம், பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம்" என்று பத்தில் எட்டு பேர் சொல்வார்கள். செல் என்பது ஒரு தொகுதிப் புள்ளிகள் எழும் கட்டம்; 20 செல் என்றால் வரிக்கு 20 கட்டம். நண்பரின் 20 செல் ரீடரைச் சில மாதங்கள் வாங்கி வைத்துப் பழகினேன். கடைசியில் நான் காசு போட்டது 40 செல்லுக்கு. ஏன் என்று கேட்பவர்களுக்காக இது.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். 20 செல் ரீடர் அரைக் கிலோவுக்குள் அடங்கும், 40 செல் என்றால் முக்கால் கிலோவை ஒட்டி வரும். செல் கூடக்கூட விலையும் ஏறும். சாதனத்தில் விலை பிடிக்கும் பாகமே அந்தச் செல்கள்தான். கணினியோடும் ஃபோனோடும் இரண்டுமே புளூடூத்தில் பேசும். எடையும் விலையும் மட்டும்தான் உங்கள் கணக்கு என்றால் இங்கேயே நிறுத்திக்கொண்டு 20 வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் 20 போதும் என்று சொல்கிறவர்களில் பலர் அதில் ஆங்கிலம் படிக்கிறவர்கள், அதுவும் இரண்டாம் நிலைச் சுருக்கெழுத்தில். அங்கே ஒரு முழுச் சொல்லே ஒரு செல்லில் உட்கார்ந்துவிடும். தமிழை நாம் பெரும்பாலும் எழுத்துக்கு எழுத்தாகத்தான் படிக்கிறோம். அகரம் ஏறிய மெய்க்கு ஒரு செல், மற்ற உயிர்மெய்க்கு இரண்டு. புள்ளி வைத்த மெய்க்கும் இரண்டு, முன்னால் ஒரு நாலாம் புள்ளி வந்தாக வேண்டுமே. "வந்திருக்கிறார்கள்" என்ற ஒரே சொல்லை எண்ணிப் பாருங்கள்: 18 செல். இருபதில் மிச்சம் இரண்டு!

"அவர்கள் நேற்றே வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்." சாதாரண வாக்கியம், வாட்ஸ்அப்பில் வருகிற மாதிரிதான். சொல்லை உடைக்காமல் காட்டும்படி வைத்திருந்தால், 20 செல் ரீடரில் "அவர்கள் நேற்றே" ஒரு வரி, "வந்திருக்கிறார்கள்" ஒரு வரி. அடுத்து "என்று" 5 செல், "கேள்விப்பட்டேன்" 15 செல், நடுவில் ஒரு இடைவெளி, ஆக முற்றுப்புள்ளியைச் சேர்க்காமலே 21. அந்த ஒரு செல்லே இடிக்கிறது. அதனால் "என்று" மட்டும் தனி வரியில் நிற்க, அதன் பின்னால் 15 செல் சும்மா கிடக்கும். மொத்தம் நான்கு வரி. 40 செல்லில் "என்று" வரை 39 செல், முதல் வரியிலேயே அடங்கிவிடுகிறது. அடுத்த வரியில் மிச்சச் சொல், வாக்கியம் முடிந்தது.

நான்குக்கு இரண்டுதானே, கட்டைவிரலால் இரண்டு தடவை கூட அழுத்தினால் என்ன என்று தோன்றலாம். ஒரு வாக்கியத்துக்கு ஒன்றுமில்லைதான். ஒரு கட்டுரை முழுக்க அப்படிப் படித்தால் தெரியும். காகிதத்தில் பிரெய்ல் படிக்கும்போது வலக்கை வரியை முடிக்கிற நேரத்தில் இடக்கை அடுத்த வரியின் தொடக்கத்தில் காத்திருக்கும். வாசிப்பு அறுந்து போகாது. ஒற்றை வரிச் சாதனத்தில் அந்த வசதியே இல்லை. வரி முடிந்ததும் பொத்தானை அழுத்தி, புள்ளிகள் மாறும்வரை பொறுத்து, விரலை மறுபடி இடது ஓரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். 40-இலும் இதே கதைதான், ஆனால் அதற்குள் கையில் ஒரு தொடர் கிடைத்திருக்கும். 20-இல் பல சமயம் ஒரு சொல்தான் கிடைக்கும், வினைமுற்று வருவதற்குள் எழுவாய் மறந்துபோகும். சொல்லை உடைத்துக் காட்டச் சொல்லி அமைப்பை மாற்றினால் செல் வீணாகாது என்பது உண்மை. "வந்தி" என்று ஒரு வரி முடிந்து "ருக்கிறார்கள்" என்று அடுத்த வரி தொடங்கும், பரவாயில்லை என்பவர்களுக்குச் சரி. எனக்கு ஒத்துவரவில்லை.

கோப்புகளிலும் ஒரு சிக்கல் உண்டு. பி.ஆர்.எஃப். கோப்புகளை, அதாவது ஏற்கெனவே பிரெய்லாக மாற்றி வைத்த கோப்புகளை, வழக்கமாக வரிக்கு 40 செல், பக்கத்துக்கு 25 வரி என்று அச்சுக்காக அமைத்திருப்பார்கள். 40 செல் ரீடரில் அது அப்படியே பொருந்தும். 20-இல் கதை, கட்டுரை எல்லாம் சமாளித்துவிடலாம். அட்டவணையும் கவிதையும் சிதறும்.

சரி, 20 ஜெயிக்கிற இடங்கள் இல்லாமல் இல்லை. வரிசையில் நின்றபடி, கழுத்துப் பட்டையில் தொங்கவிட்டு ஃபோனுக்கு வந்த ஓ.டி.பி.யைத் தடவிப் பார்க்க அதைவிடச் சௌகரியம் கிடையாது. படுத்துக்கொண்டு வயிற்றின்மேல் வைத்துப் படிக்கவும் அதுதான். ஆங்கிலம் மட்டுமே படிப்பவர் என்றால் நான் மேலே போட்ட கணக்கில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

20 செல் என்றதும் பலர் நினைக்கிற ஆர்பிட் ரீடர் 20-ஐப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அதன் புள்ளிகள் காகித பிரெய்லைப் போல உறுதியாக நிற்கும், அழுத்திப் படித்தாலும் அமுங்காது. வழக்கமான பீஸோ வகைச் செல்களில் மின்னழுத்தத்தில் வளைகிற மெல்லிய பட்டை ஒன்று ஊசியைத் தூக்கிப் பிடித்திருக்கும்; அது கொஞ்சம் மென்மைதான். ஆனால் பீஸோ சட்டென்று, சத்தமில்லாமல் மாறும். ஆர்பிட்டில் ஒவ்வொரு வரிக்கும் கரகரவென்று ஒரு சத்தம், ஒரு சின்னத் தாமதம். வரிகள் இரட்டிப்பாகிற தமிழில் அந்தத் தாமதமும் இரட்டிப்பாகிறது என்பதுதான் என் புகார். கர்சரை வேண்டிய செல்லுக்கே நேராகக் கொண்டுபோக, ஒவ்வொரு செல்லுக்கும் மேலே இருக்கும் தனிப் பொத்தான்களும் அதில் கிடையாது, எழுதியதைத் திருத்தும்போது அது தெரியும்.

பராமரிப்பில் 40-க்கு நான் வக்காலத்து வாங்க முடியாது. செல்லுக்கு எட்டு ஊசி என்றால் 320 ஊசிகள். விரலின் எண்ணெய்ப் பசையும் தூசியும் சேர்ந்து அதில் ஏதாவது ஒன்று மேலே வராமல் அடம்பிடிக்கலாம். ஒரு புள்ளி குறைந்தால் எழுத்தே வேறாகிவிடும். கை கழுவித் துடைத்த பிறகே தொடுவது என்று வைத்திருக்கிறேன். இதுவரை தொந்தரவு இல்லை, ஆனால் நான் வாங்கி அதிகக் காலம் ஆகவில்லை. ஐந்தாறு வருஷம் உழைத்த 40 எப்படி இருக்கும் என்பதை அப்படி ஒன்றை வைத்திருப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

எதை வாங்கினாலும் எச்.ஐ.டி. பிரெய்ல் தரத்தை ஏற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 2018-இல் வந்த பொதுத் தரம் அது. இருந்தால் தனி டிரைவர் தேடி அலைய வேண்டியிருக்காது. தமிழ் எழுத்தைப் புள்ளிகளாக மாற்றும் பிரெய்ல் அட்டவணை, கணினியில் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருளான என்.வி.டி.ஏ.விலேயே இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் கணினி இல்லாமல் ரீடரைத் தனியாக இயக்கும்போதும் தமிழ் வருமா என்பது வேறு கேள்வி. கையில் ஒரு தமிழ்க் கோப்போடு போய், திறந்து காட்டச் சொல்லுங்கள்.

நடுவில் 32 செல் சாதனங்களும் உண்டு, பிரெய்ல்சென்ஸ் 6 மாதிரி. நம் வாக்கியத்தை அதில் போட்டால் "வந்திருக்கிறார்கள்" வரை 33 செல். அங்கேயும் ஒன்று இடிக்கிறது, மூன்று வரியாகிறது.